புதுப்பிப்பு: தாது வருஷப் பஞ்சம் பற்றிய என் பழைய இழை

தென்னிந்தியாவை வாட்டிய இந்த 1876-78 பஞ்சத்தை வரலாறு என்ற ஒரு துறைக்குள் அடக்க முடியாது என்று எழுதியிருந்தேன். "அரசு ஆவணம் போதாதா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூலிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட ஆங்கிலேய இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும்தான். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு வெயிலில் மண் வெட்ட வேண்டும்! அதற்குச் சில ஆண்டுகள் முன் வந்த பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்தார் என்று திட்டு வாங்கியவர் இதே டெம்பிள்தான். அந்தப் பின்னணியை விட்டுவிட்டு இந்த ஆணையைப் படிக்கவே கூடாது.

உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. ஆக, இங்கே பொருளாதாரமும் மருத்துவமும் நேருக்கு நேர் மோதின.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கு. சேலம் மாவட்டத்தில் 1871இல் சுமார் 19.7 லட்சம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காத பிள்ளைகள் எல்லாரும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தறிய மக்கள்தொகையியல் வேண்டும். மழை பொய்த்ததற்கு எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) காரணம் என்று சொல்ல வானிலை அறிவியல் வேண்டும். பசித்தவர்களின் குரலுக்கு, பஞ்சத்தைப் பாடிய கும்மிப் பாட்டுகளான பஞ்சக் கும்மிகள்தான் கதி. அடுத்து அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.