புதுப்பிப்பு: அப்பாவின் ஷண்ட், மூன்று மாத ஸ்கான்

நிலத்தில் கால் ஒட்டின மாதிரி நடை, மறதி, சிறுநீர் அடக்க முடியாமை. மூளையில் நீர் கோத்ததற்கு அப்பாவுக்கு ஷண்ட் (மிகுந்த நீரை மூளையிலிருந்து வடிக்கும் மெல்லிய குழாய்) வைக்கப்போகிறார்கள் என்று பங்குனியில் எழுதியிருந்தேன்.

நேற்று ஸ்கான் அறிக்கை வந்தது. எவன்ஸ் குறியீடு (மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளின் முன்கொம்பு அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுப்பது) முன்பு 0.38, இப்போது 0.37. 0.3ஐத் தாண்டினாலே அறை பெருத்திருக்கிறது என்று கணக்கு. அம்மாவின் முகம் வாடிவிட்டது. நடை தேறினாலும் அறைகள் பெரிதாகச் சுருங்காமல் இருப்பது வழமைதான் என்றார் டொக்டர். கலோசல் கோணம் (இரு பக்க அறைகளுக்கும் இடையிலான கோணம், இந்த நோயில் அது குறுகிவிடும்) 62 பாகையிலிருந்து 78க்கு விரிந்திருக்கிறது. அதுதான் டொக்டருக்குப் பிடித்தது.

எனக்கு வெள்ளவத்தைச் சந்தைதான் அளவுகோல். அப்பா என் தோளைப் பிடிக்காமல் நடந்தார், கத்தரிக்காய் விலைக்குச் சண்டையும் பிடித்தார். மறதி அப்படியே. வாங்கிய பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்.