‘பெரிய வீடு’ குழு: பாப்பாவுக்கு நீல விளக்கு

முத்து: பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை. இரத்தத்தில் பிலிருபின் 18 மி.கி. நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். மீனா அழுதுகொண்டே இருக்கிறாள். இன்றிரவு யாராவது துணைக்கு வர முடியுமா?

செல்வி: அய்யோ. நான் நேற்றே சொன்னேனே, முகம் மஞ்சளாக இருக்கிறதென்று

பாலு: நீ சொல்லவில்லை அக்கா. கவிதா சொன்னாள், வீடியோவில் பார்த்துவிட்டு

செல்வி: யார் சொன்னால் என்ன

தேவி: ம்

செல்வி: வீட்டுக்குக் கொண்டுவந்து இளவெயிலில் காட்டினால் போதாதா? முத்துவை அப்படித்தான் காட்டினோம்

கவிதா: வேண்டாம் அத்தை. 18க்கு வெயில் சரிப்படாது. எவ்வளவு ஒளி படுகிறது என்று கணக்கே இருக்காது. தோல் சுடும், இல்லையென்றால் துணியில்லாமல் கிடந்து உடம்பு குளிரும். புற ஊதா வேறு. விளக்கில் அது கிடையாது, நீல ஒளி மட்டும்.

பாலு: (பலமுறை முன்னனுப்பப்பட்டது) நீல விளக்கில் குழந்தையை வைத்தால் பார்வை போய்விடும்!! எல்லாத் தாய்மார்களுக்கும் பகிரவும்!!

தேவி: இதை இப்போதுதான் போட வேண்டுமா

பாலு: வந்தது, போட்டேன்

முத்து: மீனாவும் இந்தக் குழுவில் இருக்கிறாள் மாமா

*பாலு ஒரு செய்தியை நீக்கினார்*

ராமு: பகுதி 1. எல்லோரும் பதறாமல் படிக்கவும். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது வரும் மஞ்சள் பொருள்தான் பிலிருபின். அதன் மூலக்கூறு தனக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்புகளால் மடிந்து, நீரோடு ஒட்டும் பகுதிகளை உள்ளே மறைத்துக்கொண்டு கிடக்கும், சுருண்ட மரவட்டை கால்களை மறைப்பது போல. அதனால் நீரில் கரையாது. நம் கல்லீரல் அதோடு வேறொன்றைச் சேர்த்துக் கரைய வைத்து வெளியேற்றும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் முழுதாகப் பழகவில்லை. மரவட்டை தொட்டால் சுருளும். இது 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால் விரியும். ஓர் இரட்டைப் பிணைப்பு அப்படியே திரும்பிக்கொள்ளும். கல்லீரலின் உதவி இல்லாமலே பித்தத்தில் இறங்கிவிடும். சூட்டினால் அல்ல, வடிவம் மாறுவதால்.

பாலு: வகுப்பு ஆரம்பம்

செல்வி: அண்ணா, கண் போகுமா போகாதா, அதைச் சொல்

ராமு: அது பகுதி 2

கவிதா: போகாது அத்தை. கண்ணை மூடிக் கட்டித்தான் வைப்பார்கள்.

ராமு: பகுதி 2. ஒளியால் வடிவம் மாறுவது புதிதல்ல. நம் விழித்திரையில் இருக்கும் ரெட்டினல் என்ற மூலக்கூறு ஒளி பட்டதும் நிமிர்கிறது, அதனால்தான் பார்க்கிறோம். பாப்பாவின் கண்ணைக் கட்டுவது அந்த விழித்திரையைக் காக்கத்தான். என் கண்ணாடியையே எடுத்துக்கொள்ளுங்கள்

பாலு: வந்துவிட்டது கண்ணாடி

ராமு: வெயிலின் புற ஊதாவில் அதிலுள்ள மூலக்கூறின் வளையம் திறந்து நிறம் கறுக்கிறது, நிழலில் மூடிக்கொள்கிறது. காருக்குள் கறுக்காததற்கு முன்கண்ணாடி புற ஊதாவைத் தடுப்பதே காரணம்.

பாலு: முத்து கல்யாணப் படம் முழுக்க அண்ணன் துப்பறிவாளர் மாதிரி நிற்பதற்கும் அதே காரணம்

முத்து: இரவு யார் வருகிறீர்கள்?

செல்வி: எனக்கு மூட்டு வலி. தேவி போகலாமே

தேவி: நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது இரவில் யார் துணைக்கு இருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன் அண்ணி

செல்வி: அதை இப்போது எதற்கு எடுக்கிறாய்

பாலு: விடு தேவி

கவிதா: நான் போகிறேன்.

செல்வி: நீ பயிற்சி வகுப்பில் பொம்மைக்கு ஊசி போடுகிறவள். இது உயிருள்ள குழந்தை

கவிதா: பொம்மைதான் அத்தை. அழும், உதடு நீலமாகும், மூச்சு நிற்கும். பிறந்த குழந்தைக்கு நெஞ்சில் மூன்று அழுத்து, ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 90 அழுத்து, 30 மூச்சு. முதல் தடவை எண்ணிக்கையை விட்டேன், பொம்மை செத்தது. அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து அதன் வீடியோவைப் பார்த்து, எங்கே தவறினேன் என்று பேசினோம். பொம்மையை அழுத்தியதைவிட அந்தப் பேச்சில்தான் அதிகம் கற்றேன். போன மாதம் விளக்கின் கீழ் ஒரு பொம்மை. மூச்சு குறைகிறது, நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கண்கட்டு நழுவி மூக்கை மூடியிருந்தது.

கவிதா: முத்து அத்தான், பாப்பாவின் கண்கட்டு இப்போது எங்கே இருக்கிறது?

செல்வி: முத்து?

செல்வி: முத்து பதில் போடு

முத்து: பாதி இறங்கியிருந்தது. மூக்கு நுனி வரை. நர்ஸ் வந்து சரி செய்துவிட்டார். பாப்பா நன்றாக இருக்கிறாள்

தேவி: அப்பாடா

முத்து: (படம்)

செல்வி: மஞ்சளே தெரியவில்லையே! நாளைக்கு அனுப்பிவிடுவார்களா?

கவிதா: நிறத்தை நம்பாதீர்கள் அத்தை. ஒளி பட்ட தோல் முதலில் வெளுக்கும், இரத்தத்தில் அளவு அப்படியே இருக்கலாம். நிறுத்திய பிறகும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பால் கொடுப்பதை மட்டும் விடக்கூடாது.

ராமு: பகுதி 3. இதைக் கண்டுபிடித்ததே அந்த வெளுப்பால்தான். 1956, இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனை. ஜீன் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தைக்கு, துணி மூடிய முக்கோணம் மட்டும் மஞ்சளாக நின்றது, மற்ற இடம் வெளுத்துவிட்டது. அப்புறம் சன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த சோதனைக் குழாயில் இருந்த இரத்தத்தில் பிலிருபின் குறைந்திருந்தது. அங்கிருந்த மருத்துவர் கிரெமரும் கூட்டாளிகளும் விளக்கு செய்து பார்த்து 1958இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

செல்வி: பார்த்தாயா, வெயில்தான். நான் சொன்னது

கவிதா: அத்தை

பாலு: அண்ணா, உங்களால் வந்தது

முத்து: ஒருவருக்குத்தான் அனுமதியாம். கவிதா பெயரை எழுதிக் கொடுக்கட்டுமா?

தேவி: நானும் கூட வருகிறேன், வாசலில் இருக்கிறேன்

செல்வி: தேவி, நீ படுத்திருந்தபோது எனக்கு டைபாய்டு. அதை யாரும் சொல்வதில்லை

தேவி: எனக்கு யாரும் சொல்லவில்லை அண்ணி

பாலு: யார் வண்டி எடுப்பது?

ராமு: நான் ஓட்டுகிறேன்

பாலு: இருட்டில் உங்கள் கண்ணாடி கறுக்காது இல்லையா

முத்து: பெயர் கேட்கிறார்கள்