வீட்டுக்கு ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்றே போதுமா?

தேன்மொழி:
வீட்டுக்கு ஒரு தீயணைப்பான் வாங்கப் போகிறோம். சமையலறையில் அடிக்கடி பொரிப்பு வேலை நடக்கும். பக்கத்து அறையில் கணினியும் யுபிஎஸ்ஸும் இருக்கின்றன. "ஏபிசி பவுடர் வாங்குங்க, எல்லாத் தீக்கும் ஆகும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

சிலிண்டர்காரன்:
தீயணைப்பான் சர்வீஸ் செய்வதுதான் என் வேலை. ஏபிசி நல்ல சாமான்தான், ஆனால் "எல்லாத் தீக்கும்" என்பதை ஏற்க மாட்டேன். ஏ என்றால் மரம், துணி, காகிதம். பி என்றால் பெட்ரோல், பெயின்ட் மாதிரி திரவங்கள். சி பல நாடுகளில் எரிவாயு, அமெரிக்க முறையிலோ மின்சாரம். அதனால் எழுத்தோடு சிலிண்டரில் இருக்கும் படத்தையும் பாருங்கள்.

சமையல் எண்ணெய் இந்த மூன்றிலும் சேராது. அது எஃப் வகை, அமெரிக்காவில் கே. தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு எண்ணெய் சூடேறியிருக்கும். பவுடர் தீயை அமுக்குமே தவிர, எண்ணெயைக் குளிர வைக்காது. சின்ன சிலிண்டர் பத்து விநாடி போலத்தான் வரும். அது தீர்ந்ததும் மறுபடி பற்றும். இதற்கென்றே இருப்பது வெட் கெமிக்கல். அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்புப் படலமாகி மூடிவிடும், சூட்டையும் இறக்கும். தண்ணீரை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள்! நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வாரி இறைக்கும்.

கதிர்:
சின்னத் தீ என்றால் மூடி போட்டாலே அணையாதா?

சிலிண்டர்காரன்:
அணையும், கிட்டே போக முடிந்தால் அதுதான் முதல் வேலை. அடுப்பை அணைத்து, உலோக மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். சட்டியைத் தூக்கவே கூடாது. ஆறும்வரை திறக்கவும் கூடாது.

தேன்மொழி:
சரி, கணினிக்கு?

சிலிண்டர்காரன்:
சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயு அடைத்த தீயணைப்பான். பவுடரும் அணைக்கும், ஆனால் அந்தத் தூள் உள்ளே போய் போர்டுகளை அரித்துவிடும். சிஓ2 எதையும் மிச்சம் வைக்காது. முடிந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். வாயு வெளிவரும் கூம்பைக் கையால் பிடிக்காதீர்கள், கை உறைந்துவிடும். சின்ன அறையில் அடித்தால் உடனே வெளியே வாருங்கள், மூச்சு முட்டும். யுபிஎஸ்ஸில் லித்தியம் பேட்டரி இருந்து அது எரிந்தால் அணைக்க நிற்க வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், சிஓ2 சிலிண்டரில் பொதுவாக அழுத்தமானி இருக்காது. எடை போட்டுத்தான் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். வாங்கும்போதே மொத்த எடையைக் குறித்து வையுங்கள்.

தேன்மொழி:
அப்படியானால் சமையலறைக்கு வெட் கெமிக்கல், கணினி அறைக்கு சிஓ2. மிக்க நன்றி அண்ணா.

சிலிண்டர்காரன்:
வெட் கெமிக்கலை அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள் அம்மா. வெளியேறும் வாசல் பக்கம் மாட்டுங்கள்.