கிருமி நீக்கமா, முடக்கமா? டக்டுக்குள் எரியும் புற ஊதா விளக்குக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மருத்துவமனையின் குளிரூட்டல் அமைப்புக்குப் பராமரிப்புக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போவது ஐடிஐ முடித்த பிள்ளைகள். டக்ட் (காற்று போகும் பெரிய குழாய்), காயில் (காற்றைக் குளிர்விக்கும் சுருள்), ஃபில்டர் எல்லாம் அவர்கள் வாயில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள்; அவற்றில் கை வைக்கப் போவதில்லை. போன வாரம் ஒருவர் டக்டுக்குக் 'காலதர்' என்றார். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே சன்னலுக்கான சொல். சன்னலைப் போய்த் துடைத்து வைத்துவிடுவார்கள்.

எனக்குச் சிக்கல் ஒரே இடத்தில்தான். டக்டுக்குள் புற ஊதா விளக்கை வைத்து, ஓடுகிற காற்றில் உள்ள கிருமிகளைச் செயலற்றுப் போகச் செய்கிறார்கள். இந்தச் செயல்முறைக்கு என்ன பெயர்? 'புற ஊதாக் கதிர்வீச்சுக் கிருமிநீக்கம்' என்றுதான் முதலில் எழுதினேன். இப்போது அதில் இரண்டு சொற்கள் உறுத்துகின்றன.

முதலாவது கதிர்வீச்சு. மருத்துவமனையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எக்ஸ்ரே அறைக் கதவில் இருக்கும் மஞ்சள் பலகைதான் எல்லாருக்கும் நினைவு வரும். அதை விட்டுவிடலாம், 'புற ஊதா' போதும்.

இரண்டாவதுதான் முக்கியம், நீக்கம். ஃபில்டர் நீக்குகிறது: தூசியும் கிருமியும் அதில் சிக்கிக்கொள்ளும், கழற்றினால் கையில் வரும். விளக்கு எதையும் நீக்குவதில்லை. 254 நானோமீட்டர் அலை கிருமியின் டிஎன்ஏ மேல் படும்போது, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் (டிஎன்ஏவின் நான்கு 'எழுத்து'களில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில் படியெடுப்பு தடைப்படுகிறது. கிருமி காற்றிலேயேதான் மிதந்துகொண்டிருக்கும். பெருக முடியாது, அவ்வளவுதான். இதை 'நீக்கம்' என்று எழுதினால், "விளக்குதான் இருக்கிறதே, ஃபில்டர் எதற்கு?" என்ற கேள்வி வரும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் உண்மையாகவே வந்தது.

அதே இடத்தில் இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு வருடமாக விளக்கை மாற்றவில்லை. கேட்டால், "நல்லாத்தான் சார் எரியுது" என்று கண்ணாடித் துளை வழியே காட்டினார்கள். நீலமாக எரிந்தது. அந்த நீலம் புற ஊதா அல்ல, பாதரச ஆவி கூடவே தரும் கண்ணுக்குத் தெரிகிற ஒளி. சுமார் 9,000 மணி நேரம், அதாவது ஓயாமல் எரிந்தால் ஒரு வருடம் போனதும், நீலம் அப்படியே இருக்க, கிருமிமேல் வேலை செய்யும் புற ஊதாப் பகுதி குறைந்துவிடும்.

டக்டில் காற்று நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். விளக்கின் ஒளி ஒரு மீட்டர் நீளத்துக்கு விழுந்தால், கிருமிக்குக் கிடைப்பது 0.4 நொடி. அதற்குள் தேவையான அளவு ஒளி கிடைத்தாக வேண்டும். மங்கிய விளக்கால் அது நடக்காது.

முறை புதிதும் அல்ல. 1950களில் அமெரிக்காவின் பால்ட்டிமோரில், காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றை டக்ட் வழியாகக் கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள், காற்று வழித் தொற்றை ஆராய்ந்த வெல்ஸும் ரைலியும். நேரடிக் காற்றைச் சுவாசித்தவற்றுக்குக் காசநோய் தொற்றியது. டக்டில் புற ஊதா விளக்கு வைத்த பக்கத்துக் கூண்டுகளில் ஒன்றுக்கும் தொற்றவில்லை.

என் முன்மொழிவு: புற ஊதாக் கிருமி முடக்கம்.

---

மறுமொழி (யாழ்ப்பாணத்திலிருந்து)

எங்கள் பாடநூல்களில் 'கழியூதா' என்றுதான் படித்தோம். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதி காட்டும் உரிச்சொற்களில் வருகிற அதே கழி. ஊதாவை மிஞ்சியது என்று ஒரே சொல்லில் பொருள் வந்துவிடுகிறது, இடைவெளியும் வேண்டாம். அங்கே புற ஊதா ஊன்றிவிட்டதென்பது தெரியும். அடைப்புக்குறிக்குள்ளாவது எங்கள் சொல்லைப் போடுங்கள். முடக்கத்துக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை.

---

மறுமொழி (ஓய்வுபெற்ற தமிழாசிரியை)

எனக்கு ஆட்சேபம் உண்டு தம்பி. 2020இல் 'பொது முடக்கம்' என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, முடக்கம் என்றாலே கடை அடைப்பு என்று ஆகிவிட்டது. 'கிருமி முடக்கம்' என்று வாசித்தால், கிருமிக்குப் பயந்து மருத்துவமனையை மூடிவிட்டார்களோ என்று தோன்றாதா? பெருக்கம்தானே நிற்கிறது, 'கிருமி மலடாக்கம்' என்றால் என்ன?

---

மறுமொழி (முதலில் எழுதியவர்)

அம்மா, பொது முடக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

மலடாக்கம் அறிவியல்படி கச்சிதம்தான். ஆனால் அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் குழந்தைப்பேறு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி அங்கே மாட்ட எனக்கு மனம் வராது.

முடக்கத்தை 'முடக்கல்' ஆக்கிவிட்டால்? வடிகட்டல், குளிரூட்டல் போல இதுவும் ஒரு வேலையின் பெயராக நிற்கும். கடையடைப்பு நினைவுக்கு வராது. விளக்கைக் 'கிருமிமுடக்கு விளக்கு' என்றும் சொல்லலாம். விளக்கு எங்கே என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: ஓடும் காற்றுக்கு வைத்தால் 'டக்ட் கிருமி முடக்கல்', ஈரக் காயிலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதன்மேல் விழும்படி வைத்தால் 'காயில் கிருமி முடக்கல்'. இரண்டும் வேறு வேறு வேலை. காயில் நகராது, 24 மணி நேரமும் ஒளியில் கிடக்கும். அதனால் அதற்குச் சின்ன விளக்கே போதும். 0.4 நொடியில் ஓடிப்போகும் காற்றுக்கு அது போதாது.

யாழ்ப்பாண நண்பருக்கு: சொல் அட்டவணையில் 'புற ஊதா (கழியூதா)' என்று சேர்த்துவிட்டேன்.

கதவில் ஒட்டும் வாசகத்தையும் இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "உள்ளே கிருமிமுடக்கு விளக்கு எரிகிறது. கதவைத் திறந்தால் தானாக அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உள்ளே பார்க்காதீர்கள். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்ததுபோல் சில மணி நேரம் கழித்துக் கண் எரியும்." 'வெல்டிங்' என்பதற்குப் பதிலாகப் 'பற்றவைப்பு' என்று போடச் சொல்லி யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். போட மாட்டேன்.