கீழணையை மாற்றிக் கட்டினால் மீனுக்கு வழி விட வேண்டுமா?

கொள்ளிடக்கரையான்:
2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. அருகிலேயே புதிய கதவணை கட்டினார்கள். கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் உள்ள கீழணையும், மேலணையைக் கட்டிய அதே ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டியதுதான். அதை மாற்றும் காலம் வந்தால் வரைபடத்திலேயே மீன்வழி, அதாவது மீன்கள் அணையைத் தாண்டி மேலே ஏறும் பாதை, இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு உடைத்துச் சேர்ப்பது இரட்டைச் செலவு. கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறிவந்த உல்லம் (ஹில்சா) மீனை முதலில் மறித்தது இந்த அணைதான்.

வடவாற்று விவசாயி:
உல்லமா! 1934-இல் மேட்டூர் வந்த பிறகு அது ஏறிவர வெள்ளம் எங்கே? இல்லாத மீனுக்குப் படிக்கட்டு கட்டி, கீழணையிலிருந்து வீராணம் ஏரிக்கு நீர் கொண்டுபோகும் வடவாற்றில் தண்ணீர் குறைந்தால் யாரைக் கேட்பது? வீராணம் எங்கள் வயலுக்கு மட்டுமல்ல, சென்னையின் குடத்துக்கும்தான்.

கொள்ளிடக்கரையான்:
உல்லம் திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை ஐயா. விலாங்கு இருக்கிறதே? கடலில் பிறந்து ஆற்றில் வளர்வது. ஆற்று இறாலின் குஞ்சும் உவர்நீரில் பொரித்து மேலே ஏறுகிறது.

மதகுப் பொறியாளர்:
படிக்கட்டு என்ற எண்ணமே தவறு. அது துள்ளி ஏறும் சால்மன் மீனுக்கானது, உல்லம் துள்ளாது. ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றிலும் முதலில் சால்மன் படிக்கட்டைப் பார்த்துக் கட்டினார்கள். உள்ளூர் மீன்களுக்கு அது உதவவில்லை. பிறகு வரிசையான தொட்டிகளுக்கு இடையே மேலிருந்து கீழ்வரை பிளவு விட்டார்கள். எந்த ஆழத்திலும் நீந்திப் போகலாம். கடல் முகத்திலிருந்து ஹியூம் அணை வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படி வழி திறந்தார்கள்.

வடவாற்று விவசாயி:
முர்ரேயில் தண்ணீர் ஓடுகிறது. கொள்ளிடம் பல மாதங்கள் வெறும் மணல். முதலில் அந்த மணலை அள்ளுவதை நிறுத்துங்கள்.

மதகுப் பொறியாளர்:
மணல் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் உபரி நீர் கடலுக்குப் போகும் நாட்களில் மட்டும் மீன்வழி திறந்திருந்தால் போதும். மற்ற மாதங்களில் பலகை போட்டு அடைக்கலாம். வடவாற்றின் தலைமதகை யாரும் தொட வேண்டாம்.

வடவாற்று விவசாயி:
ஷட்டருக்கு கிரீஸ் போடவே ஆளில்லை, பலகையை யார் போடுவது? அந்தக் குறுகிய வாயில் முதல் நாளே வலை கட்டிவிடுவார்கள்.

கொள்ளிடக்கரையான்:
கட்டுவார்கள்தான். ஏற முடியாமல் அணைக்குக் கீழே தேங்கும் மீனை இப்போதும் அள்ளத்தானே செய்கிறார்கள்? புதிய அணைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, மீன்வழியின் இருபுறமும் வலைக்குத் தடை, பலகைக்கு ஒரு லஸ்கர் (மதகுப் பணியாளர்) என்று எழுதி வாங்குவோம். அந்த மனுவில் நீங்களும் கையெழுத்திடுவீர்களா?

வடவாற்று விவசாயி:
வடவாற்றுக்கு நீர் விட்ட பிறகே மீன்வழி என்று முதல் வரியில் எழுதுங்கள். பிறகு பார்க்கலாம்.