செய்திக்கு முந்தி வந்த உழவு இயந்திரம்

வட்டக்கச்சிக்காரன்:

இலங்கையின் இறுதிப் போர்க்காலத்தில், கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில், எங்கள் ஒழுங்கையில் ஒரே வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. மின்சாரம் இல்லை, ஆளுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றினால்தான் ஜெனரேட்டர் இயங்கும். 2006 ஓகஸ்டில், வன்னிக்குச் சாமான் வரும் ஏ-9 பாதை மூடப்பட்டு விலை ஏறியதும் போத்தல் அரைப் போத்தலானது. செய்தி முடிந்த கையோடு நிறுத்திவிடுவார்கள். நாடகம் பார்க்க வந்த பெண்கள் முணுமுணுத்தபடி எழும்பிப் போவார்கள். முதலில் புலிகள் வன்னியிலிருந்து 2005இல் தொடங்கிய ஒளிபரப்பைப் பார்ப்போம், பிறகு அன்டனாவைத் திருப்பிக் கொழும்புச் செய்தி.

அந்த வீட்டு ஐயா இளைப்பாறிய கணித ஆசிரியர். நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்புறத்தில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் கொழும்பு சொன்ன புலிகளின் சாவையும் மறுபக்கம் இங்கே சொன்ன படையினரின் சாவையும் எழுதுவார். ஒரு மாத முடிவில் கூட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கணக்குச் சரியென்றால் இரண்டு பக்கமும் சண்டை பிடிக்க ஆளில்லை. அப்படியானால் ஷெல் அடிப்பது யார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, எங்களுக்குப் பிடித்த பக்கத்துக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படுக்கப் போனோம். இதை மறைத்துப் பயனில்லை.

உண்மைச் செய்தி உழவு இயந்திரத்தில் வந்தது. 2008 யூலையில் விடத்தல்தீவு இராணுவத்திடம் போனது, செப்டெம்பரில் மல்லாவி. தொலைக்காட்சி 'முறியடிப்புச் சமர்' என்று சொல்லிக்கொண்டிருக்கையிலேயே மேற்கிலிருந்து வந்த சனங்கள் கூரைத் தகரம், கதவு நிலை, கோழிக்கூடு எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் சந்தியைக் கடந்தார்கள். கதவு நிலையைக் கழற்றிக்கொண்டு வருகிறவன் அடுத்த கிழமை திரும்பிப் போகிற எண்ணத்தில் வரவில்லை. ஐயா அன்றிலிருந்து கணக்கு எழுதுவதை விட்டுவிட்டார்.

வெள்ளவத்தையில் அப்போது:

அந்தத் தகரங்களின் மறுபாதிக் கதை என்னிடம் இருக்கிறது.

2009 சனவரி 2, புலிகளின் தலைமையிடமான கிளிநொச்சியை இராணுவம் பிடித்த நாள். பின்னேரம் கொழும்புத் தெருக்களில் வெடி கொளுத்தினார்கள். இரவுச் செய்தியில் கிளிநொச்சி: சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, ஆளில்லாத கண்டி வீதி, கூரையில்லாத வீடுகள். உடன் வேலை செய்த சிங்கள நண்பர், நல்ல மனிதர், "பாவம், கூரைகூட இல்லாத வீடுகளிலா இருந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனது அந்தச் சனங்களேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அந்த நாட்களில் அந்தக் கேள்வி ஒரு வாயோடு நிற்காது. தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். சுயாதீன நிருபர்களைப் போர்முனைக்கு விடாத காலம்; படையினர் கூட்டிப்போய்க் காட்டிய படமே அவருக்குக் கிடைத்தது. வியட்நாமுக்குப் போய்த் திரும்பிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் குரோங்கைட், 1968 பெப்ரவரி 27 இரவு, இந்தப் போர் இழுபறியில்தான் முடியும் என்று அமெரிக்கர்களிடம் சொன்னார். அந்த ஒரு பேச்சு எத்தனை பேரின் மனதை மாற்றியது என்று இன்னும் வாதிடுகிறார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார் என்பதில் மட்டும் வாதமில்லை.

மாத்தளன் கடந்தவள்:

2009 தொடக்கத்தில், போர் நடந்த பகுதிக்குள் அகப்பட்டிருப்பது 70,000 பேர்தான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வந்து முகாம்களில் பதிந்தபோது 2,80,000ஐத் தாண்டியது. குறைந்த கணக்குக்கு வந்த அரிசியைக் கூடிய சனம் கஞ்சியாக்கிக் குடித்தோம்.

2009 ஏப்ரல் 20 அன்று இராணுவப் பக்கம் போக, மாத்தளன் கரையிலிருந்து நாங்கள் கடல்நீரேரிக்குள் இறங்கினோம். தண்ணீர் எனக்கு நெஞ்சுமட்டம், அம்மாவுக்குக் கழுத்துமட்டம். மேலே வண்டு இரைந்துகொண்டிருந்தது. விமானியில்லாத அந்த வேவு விமானத்துக்கு வன்னியில் அதுதான் பெயர். அது எடுத்த படத்தைத் தொலைக்காட்சியில் 'மீட்பு' என்று போட்டார்கள். செட்டிகுளம் முகாமில், கம்பிக்குள் எங்கள் கூடாரத்தில், தொலைக்காட்சி ஏது? இரண்டு வருடம் கழித்து உறவினர் வீட்டுக் கணினியில்தான் பார்த்தேன்.

சத்தமே இல்லை. எனக்கு அன்று காதுக்குள் இருந்ததெல்லாம் சத்தம். படத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரிசை நகர்கிறது, அவ்வளவுதான். அம்மாவின் தலையில் நீலத் தறப்பாள் சுற்றிய மூட்டை இருந்தது, அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். நாலாவது தடவைதான் உறைத்தது: கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொருமுறை போடச் சொன்னார்.