ஸ்டெப்னி இல்லாத கார் வாங்கலாமா?

கேள்வி: பார்த்து வைத்த காரில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட், டிபிஎம்எஸ் (டயரில் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் அமைப்பு) மட்டும்தான். சட்டப்படி சரியா? நெடுந்தூரத்துக்குத் தாங்குமா?

பதில் 1: சரிதான் சார். டியூப்லெஸ் டயர், கிட், டிபிஎம்எஸ் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-லேயே மத்திய மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டார்கள்.

பதில் 2: சட்டம் வேறு, ரோடு வேறு. கிட்டில் வரும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) பொதுவாக 4–6 மி.மீ. ஆணித் துளையைத்தான் அடைக்கும். குழியில் இறங்கி டயரின் பக்கவாட்டு கிழிந்தால் ஊற்றியதெல்லாம் பால் மாதிரி வழிந்துவிடும், காற்று நிற்காது. ஆணியைப் பிடுங்காதீங்க, ஓட்டை பெரிசாகும். காற்றடித்ததும் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால்தான் சீலன்ட் உள்ளே பரவும். பிறகு அழுத்தம் பாருங்க. பாட்டிலுக்குக் காலாவதி தேதியும் உண்டு.

பதில் 3: டிக்கியில் இடமிருந்தால் சின்ன ஸ்டெப்னியாவது போடுங்க. அதை மாட்டி ஓட்டும்போது மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. அதில் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கேட்கும் டயரும் உண்டு, ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்க.